பொம்மை வேகனுக்குத் துரு ஏற்றும் வித்தை!

புது ஸ்கூட்டர் வாங்கினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். முதல் மாதம் முழுவதும் காலையும் மாலையும் துடைக்கிறோம். ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை. புதுப் பொருள் புதிதாகவே இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும்.

ஆனால், கடையில் புத்தம் புதிய பொம்மை கூட்ஸ் வேகனை வாங்கி வந்து, அதன் மினுமினுப்பைப் போக்கி, அழுக்கும் கரியும் துருவும் ஏற்றுவதற்காகவே ராத்திரி கண்விழித்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கென்றே தனி நூல்கள் உண்டு. துரு நிறம், புழுதி நிறம், கரி நிறம் என்று புட்டி புட்டியாகப் பெயிண்ட் விற்கும் கடைகளும் உண்டு. இந்த வேலைக்கு 'வெதரிங்' என்று பெயர். வெயிலும் மழையும் பட்ட தோற்றத்தைப் பெயிண்டால் கொண்டுவருவது என்று பொருள் சொல்லலாம்.

முதலில் கேள்விப்பட்டபோது நானும் சிரித்தேன். பகல் முழுவதும் கூட்ஸ் ஷெட்டில் அழுக்கு வேகன்களின் நம்பரை எழுதிவிட்டு வருகிறவன் நான். வீட்டுக்கு வந்து இன்னொரு அழுக்கு வேகனைச் செய்வதா? பைத்தியக்காரத்தனமாகவே பட்டது. பிறகு நானே ஒன்று செய்யும்படி ஆயிற்று. அதில் கற்றதையும், அதனால் பட்ட பாட்டையும் இங்கே சொல்கிறேன்.

எண்பத்தேழில் ஒரு பங்கு

மாடல் ரயில் என்பது மேலை நாடுகளில் பெரியவர்களின் பொழுதுபோக்கு. அமெரிக்காவில் மில்வாக்கி நகரிலிருந்து இதற்கென்று 1934ல் ஒரு மாதப் பத்திரிகையே தொடங்கினார்கள். பெயர் 'மாடல் ரெயில்ரோடர்'. பல அளவுகளில் மாடல் செய்தாலும், உலகில் அதிகம் பேர் கையாளுவது 'எச்.ஓ.' என்ற அளவு. அசல் வண்டியில் 87ல் ஒரு பங்கு. அமெரிக்காவில் ஓடும் 50 அடி நீள மூடு வேகன் இந்தக் கணக்கில் பதினேழரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் இந்த மாடல்களெல்லாம் நகைக்கடை சாமான் மாதிரி பளபளவென்றுதான் இருந்தன. அந்த வழக்கத்தை மாற்றிய முன்னோடிகளில் முக்கியமானவர் ஜான் ஆலன். 1913ல் பிறந்தவர். தொழில் போட்டோ எடுப்பது. கலிபோர்னியா மாநிலத்தில் கடலோரமாக உள்ள மான்ட்டரே நகரில் தன் வீட்டுக்குள் மலை, பாலம், ஊர், ஸ்டேஷன் எல்லாம் வைத்து ஒரு முழு ரயில்வேயையே கட்டினார். அந்த ரயில்வேக்கு அவர் வைத்த பெயரும் குறும்பானது. எழுத்தில் பார்த்தால் ஏதோ இரண்டு ஊர்ப் பெயர்போல இருக்கும். ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொன்னால் 'ரத்தக் களரியாகித் தோற்றது' என்று காதில் விழும்!

போட்டோகிராபர் அல்லவா? வெளிச்சம் ஒரு பொருளின்மேல் எப்படி விழுகிறது, பழைய தகரம் எப்படி மங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். தன் எஞ்சின்களையும் வேகன்களையும் கட்டடங்களையும் வெயிலில் வெளுத்தவையாகவும், புகை படிந்தவையாகவும் தீட்டினார். அவர் எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்தபோது அசல் எது, பொம்மை எது என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். அன்று முதல் பளபளப்பான மாடல் என்றால் விளையாட்டுச் சாமான், அழுக்கான மாடல் என்றால் கலை என்று ஆகிவிட்டது.

1973 ஜனவரியில் ஜான் ஆலன் காலமானார். பத்தே நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்து, அவர் இருபதாண்டுகளுக்கு மேல் இழைத்து இழைத்துச் செய்த ரயில்வே பெரும்பாலும் அழிந்துபோயிற்று. அவர் எடுத்த படங்களால்தான் இன்றைக்கும் அது பேசப்படுகிறது.

சாக்பீஸ் எழுத்தையும் விடவில்லை

என் சிரிப்பை நிறுத்தியது ஒரு சின்ன விஷயம்.

அமெரிக்க மாடல் ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிற மூடு வேகன். கதவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ கிறுக்கியிருந்தது. கூர்ந்து பார்த்தால், சாக்பீஸால் கையால் எழுதிய எண்கள். அந்தக் காலத்து அமெரிக்க யார்டுகளில், எந்த வேகனை எந்த லைனில் தள்ள வேண்டும் என்று குமாஸ்தாக்கள் வேகன்மேலேயே சாக்பீஸால் குறித்துவிடுவார்களாம். அந்தக் குறிப்பையும் விடாமல், கூராகச் சீவிய வெள்ளைப் பென்சிலால் மாடலில் எழுதியிருக்கிறார் செய்தவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நம் வேலை அல்லவா! நம் யார்டிலும் ஊர்க் குறியையும் லைன் நம்பரையும் சாக்பீஸால் எழுதிய கைகள் எத்தனை! எழுதின மறுநாளே மழையில் கரைந்து போகும் எழுத்து. அதை எழுதியவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. எங்கோ ஒருவன், பெயர் தெரியாத ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தை ராத்திரி உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அதன்பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சியின் கண்

அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆபீஸில் நடக்கவிருந்த விழாவில் கண்காட்சி வைக்க ஏற்பாடாயிற்று. கூட்ஸ் வேகன் மாடல் ஒன்று வேண்டும் என்றார்கள். கைவேலை தெரிந்தவன் என்று யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

அட்டை வெட்ட எனக்குத் தெரியும். ஆனால் வேகனைத் தெரிந்த ஆள் வேண்டுமே? எங்கள் சாலில் குடியிருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேகன் பரிசோதனைப் பிரிவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் சுத்தியலும் விளக்கும் வைத்துக்கொண்டு, நின்ற ரேக்கின் இரு பக்கமும் ராத்திரி ராத்திரியாக நடந்தவர்.

"தம்பி, செய்யலாம். ஆனா பொய் வேகன் செய்யப்படாது. மெய் வேகன் செய்யணும்" என்றார்.

நிலக்கரி ஏற்றுகிற 'பாக்ஸ் என்' வேகனைச் செய்வதென்று முடிவாயிற்று. எண்பதுகளில் வந்து, நாட்டின் அனல் மின்நிலையங்களுக்கெல்லாம் நிலக்கரி கொண்டுபோய்க் கொட்டிய வேகன் அது. கப்ளரிலிருந்து கப்ளர் வரை 10.713 மீட்டர் நீளம். காலி எடை 22.47 டன். 87ல் வகுத்தால் நீளம் 12.3 சென்டிமீட்டர், உயரம் 3.7 சென்டிமீட்டர். கெட்டி அட்டையில் பெட்டி. பக்கவாட்டில் நிற்கும் இரும்புப் பட்டைகளுக்குத் தீக்குச்சி. சக்கரத்தின் விட்டம் அசலில் 1000 மில்லிமீட்டர்; வகுத்தால் பதினொன்றரை. சட்டைப் பித்தான் சரியாக அந்த அளவில் இருந்தது! எட்டுப் பித்தான்கள், ஒட்டுவதற்குப் பசை, ரெட் ஆக்சைடு நிறத்தில் பெயிண்ட். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேகன் நின்றது.

அழகாகத்தான் இருந்தது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. இன்னும் ஒரு டன் கரிகூட ஏத்தலையே" என்றார்.

வேகனின் ஜாதகம்

மறுநாள் அவர் என்னை யார்டுக்கு வெளியே, பாதை ஓரமாக வேகன்கள் நன்றாகத் தெரியும் ஓரிடத்துக்கு அழைத்துப் போனார். பத்து வருஷமாக வேகன்களைப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

வேகனின் நம்பரை நான் படிப்பேன். இப்போதுள்ள முறையில் அது 11 இலக்கம். முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. அதற்கடுத்த இரண்டு செய்த வருஷம். பிறகு நான்கு இலக்கம் அந்த வேகனின் சொந்த எண். கடைசி ஒன்று, நம்பரைத் தவறாக எழுதினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண். குமாஸ்தாவுக்கு இதுதான் வேகன்.

அண்ணாச்சி படித்தது வேறு எழுத்து. வெயில் பட்ட பக்கம் ரெட் ஆக்சைடு வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. அந்த வெளுப்பின் நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் கருஞ்சிவப்பாகப் புதிதாக இருந்தது. பழுதுபார்த்தபின் அடுத்த முறை பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதியை எழுதுவதற்காக அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். "இது போன பராமரிப்பு. அதுக்கு அடியில இன்னொரு கட்டம் மங்கலாத் தெரியுதா? அது அதுக்கு முந்தினது" என்றார்.

துரு எங்கே பிடிக்கிறது என்று காட்டினார். நடு வயிற்றில் அல்ல. வெல்டிங் ஓரத்தில், கதவின் அடிப்பக்கத்தில், தண்ணீர் தேங்குகிற மூலையில். ஈரமான நிலக்கரியிலிருந்து கசியும் நீரில் கந்தகத்தால் அமிலத்தன்மை உண்டு. அது அடித் தகட்டைத் தின்கிறது. அங்கிருந்து துருநீர் கோடு கோடாகக் கீழே வடிகிறது. மேல் விளிம்போ வேறு கதை. வேகனையே கவிழ்த்துக் கொட்டும் இயந்திரத்தின் பிடி பட்டும், மண்வாரி இயந்திரத்தின் வாய் மோதியும் அங்கங்கே நெளிந்து, பெயிண்ட் உரிந்து கிடக்கிறது. அடிச்சட்டமும் போகியும் ஒரே பழுப்பு. அது பிரேக் கட்டை தேய்ந்து பறந்த இரும்புத் தூள்.

சரக்குக்குச் சரக்கு கறை மாறும். சிமெண்ட் ஏற்றிய வேகனில் சாம்பல் பூச்சு. பனி பட்டு அது ஓடாக இறுகிவிடும். பைலாடிலா இரும்புத்தாது ஏற்றி விசாகப்பட்டினம் போகிற வேகனில் செம்மண் நிறம். எண்ணெய் டேங்கரில் மேல் மூடியிலிருந்து இரு பக்கமும் கறுப்புத் தாரை. உப்பு ஏற்றிய வேகனைச் சொல்லவே வேண்டாம். தூத்துக்குடிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

ஆக, ஒரு வேகன் எங்கே போயிற்று, எதைச் சுமந்தது, யார் எங்கே பழுது பார்த்தார்கள் என்பதெல்லாம் அதன் உடம்பில் எழுதியிருக்கிறது. அதைப் பெயிண்டால் திரும்ப எழுதுவதுதான் இந்தக் கலை.

செய்முறை இதோ

வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முயன்று பார்க்க விரும்புவோருக்காக, நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் காற்றால் பெயிண்ட் தெளிக்கும் 'ஏர்பிரஷ்' கருவி வைத்திருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். போஸ்டர் கலர், இந்தியன் இங்க், இரண்டு பிரஷ், கிழிந்த ஸ்பாஞ்சு, சாக்பீஸ், உப்புத்தாள், மேட் வார்னிஷ் போதும்.

முதலாவது, வெளுப்பு. வேகனின் சொந்த நிறத்தோடு வெள்ளை கலந்து, நன்றாக நீர்க்கவிட்டு மேலிருந்து கீழாக மெல்லியதாகப் பூச வேண்டும். மேல்பக்கம் கொஞ்சம் அதிகம், கீழே குறைவு. வெயில் மேலிருந்துதானே வருகிறது? தேதி எழுதும் கட்டத்தை மட்டும் தாள் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசினால், அது புதுப் பெயிண்டாகத் தங்கிவிடும்.

இரண்டாவது, கழுவல். அமெரிக்கர்கள் ஸ்பிரிட்டில் சில சொட்டு இந்தியன் இங்க் விட்டுப் பூசுகிறார்கள். அது இடுக்குகளில் ஓடித் தங்கி, மூலைகளை நிழலாக்கிக் காட்டும். நம்முடையது அட்டை என்பதால் தண்ணீரிலேயே இங்க் கலந்தோம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்காமல் பரவ, ஒரு சொட்டு ஷாம்பு.

மூன்றாவது, துரு. 'பர்ன்ட் அம்பர்' என்ற கரும்பழுப்பும், 'பர்ன்ட் சியன்னா' என்ற செம்பழுப்பும் வேண்டும். ஸ்பாஞ்சின் கிழிந்த முனையை நிறத்தில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்து, பிறகு வேகனில் லேசாகத் தட்ட வேண்டும். பழைய துரு கறுப்பு கலந்த பழுப்பு. புதுத் துருதான் ஆரஞ்சு. நடுவில் பழையது, ஓரத்தில் புதியது. காய்வதற்குள் ஈரமான பிரஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு இழுத்தால் மழையில் வடிந்த கோடு வந்துவிடும். பக்கவாட்டில் இழுத்தால் கெட்டது காரியம். மழை பக்கவாட்டில் வடிவதில்லை.

நான்காவது, புழுதி. சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, உலர்ந்த பிரஷால் அடிச்சட்டத்திலும் போகியிலும் அப்ப வேண்டும். கறுப்புக்குக் கரித்தூள். மேலே வார்னிஷ் பூசியதும் பாதித் தூள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அதனால் முதலிலேயே சற்றுத் தாராளமாக அப்பிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு கை வார்னிஷ் அடித்துக் காயவிடுவது அவசியம். அப்படிச் செய்தால், மேல்கோட்டு பிடிக்காமல் போனாலும் ஈரத்துணியால் அதை மட்டும் துடைத்துவிடலாம். கீழே உள்ளதற்கு ஒன்றும் ஆகாது. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வேலை இருக்கிறது.

நான் செய்த பிழைகள்

முதல் முறை உற்சாகத்தில் நான் ஒரு துருக்கறையை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வைத்துவிட்டேன். அண்ணாச்சி கணக்குக் கேட்டார். ஒரு சென்டிமீட்டர் என்றால் அசலில் 87 சென்டிமீட்டர்! அவ்வளவு பெரிய துரு இருந்தால் அந்த வேகனை ஓட விடுவார்களா? 'சிக்' லைனில் அல்லவா தள்ளியிருப்பார்கள்? துடைத்துவிட்டுக் கடுகளவில் மறுபடி வைத்தேன்.

இரண்டாவது பிழை சக்கரத்தில். பித்தான் சக்கரங்களையெல்லாம் எண்ணெய் வழிந்த மாதிரி கறுப்பாகத் தீட்டியிருந்தேன். அண்ணாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது.

"தம்பி, இது என்ன நாலு சக்கரப் பழைய வேகனா? அந்தக் காலத்துல ஆக்சில் பாக்ஸுக்குள்ள எண்ணெயில ஊறின நூல் கழிவைத் திணிச்சு வைப்போம். எண்ணெய் கசிஞ்சு சக்கரத்துல வழியும். அதுல புழுதி ஒட்டிக் கன்னங்கரேல்னு இருக்கும். இது ரோலர் பேரிங். மூடி முத்திரை வச்சது. எண்ணெய் வெளியில வராது. சக்கரம் காஞ்ச துரு நிறத்துலதான் இருக்கும். பாதையில உருளுற வட்டம் மட்டும் வெள்ளி மாதிரி மினுங்கும்."

பிறகு அமெரிக்க மாடல்காரர்களின் குறிப்பு ஒன்றைப் படித்தேன். பழைய பேரிங் வேகனுக்குக் கறுப்புச் சக்கரம், ரோலர் பேரிங் வேகனுக்குப் பழுப்புச் சக்கரம் என்று அவர்களும் அதையேதான் விதியாக வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி அந்தக் குறிப்பைப் படித்தவர் அல்ல. பேரிங் சூடேறி ஒரு ரேக் கவிழாமல் இருக்க, புறங்கையால் ஆக்சில் பாக்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனவர்.

கடைசியாக அவர் ஒரு வேலை செய்தார். மெல்லிய காகிதத்தில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டி, கதவுக்குக் கீழே ஒட்டி, சுற்றிலும் ஓரத்தைக் கறுப்பாக்கினார். தகடு ஓட்டையாகிப் போன இடத்தில் வைத்து வெல்டிங் செய்த ஒட்டு அது. "ஓட்டை வழியா கரி கொட்டிக்கிட்டே வரும். ராத்திரி விளக்கு அடிச்சுப் பார்த்தா பாதை நெடுகக் கறுப்புக் கோடு கிடக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டே போனா ஓட்டை வேகன்ல கொண்டு விடும்" என்றார். அது எந்த வேகன், எந்த ராத்திரி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒட்டை வைக்கும்போது அவர் கை நடுங்கவில்லை. மற்ற நேரத்தில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தாலே நடுங்கும் கை அது.

தேதிக் கட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் லைன் நம்பர் ஒன்றை நான் எழுதினேன். மேலே கடைசிக் கை வார்னிஷ். வேகன் தயார்.

"இதென்ன துரு?"

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வேகனைக் கொண்டுபோய்க் காட்டினோம். பொறுப்பாளருக்கு முகம் மாறிவிட்டது.

"வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதென்ன துரு? இதென்ன ஒட்டு? பார்க்க வருகிறவர்கள் பராமரிப்பே சரியில்லை என்று நினைக்க மாட்டார்களா? பளிச்சென்று ஒரு பெயிண்ட் அடித்துக் கொண்டுவாருங்கள்" என்றார்.

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. விழா என்றால் கல்யாண வீடு மாதிரி. பழைய சட்டையோடு யாரும் போவதில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒட்டுப் போட்டதுதானே பராமரிப்பு? ஒட்டே இல்லாத வேகன் என்றால் அது ஓடாத வேகன் அல்லவா? இதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்து வந்தது "சரி சார்" என்பதுதான். குமாஸ்தாவின் வாய்க்கு வேறு வார்த்தை பழக்கமில்லை.

அண்ணாச்சியோ முகம் சுளிக்காமல், "அடிச்சிரலாம் சார்" என்றார்.

திரும்பும் வழியில் லோக்கல் வண்டியில் நான் பேசவே இல்லை. மூன்று வாரத்து உழைப்பு. ஒரே கை பெயிண்டில் போகப் போகிறது. அந்த ஒட்டும் போகப் போகிறது.

அன்று ராத்திரி அண்ணாச்சியே பிரஷை எடுத்தார். சிவப்பும் பழுப்பும் கலந்து, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, வேகன் முழுவதும் ஒரே சீராகப் பூசினார். துரு, கரி, தேதி, என் பென்சில் எழுத்து எல்லாம் மறைந்தன. புதிதாக வெள்ளையில் நம்பர் எழுதினோம். பொம்மைக் கடை வேகன் மாதிரி ஆயிற்று. கண்காட்சியில் வைத்தார்கள். பிள்ளைகள் பார்த்தார்கள், போனார்கள். பொறுப்பாளர் கைகுலுக்கினார்.

விழா முடிந்து வேகனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அண்ணாச்சி ஒரு பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"துடை தம்பி."

துடைத்தேன். சிவப்பு நிறம் துணியோடு வந்தது. கீழே வெளுத்த ரோஜா நிறம். அப்புறம் வடிந்த துருக்கோடு. அப்புறம் அந்த ஒட்டு. கடைசியில் நான் வெள்ளைப் பென்சிலால் எழுதிய லைன் நம்பர், எழுதின மாதிரியே இருந்தது.

அவர் பூசியது எண்ணெய்ப் பெயிண்ட் அல்ல, போஸ்டர் கலர். வார்னிஷுக்குமேல் பூசிய தண்ணீர்க் கலர் ஈரத்துணிக்கு நிற்காது என்பதை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எனக்கு மறந்துவிட்டது. அவருக்கு மறக்கவில்லை.

பார்க்க விரும்புவோருக்கு

மாடல் ரயிலை நேரில் பார்க்க விரும்பும் மும்பை வாசகர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புனேயில் 1998ல் தொடங்கிய ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகலாம். செய்ய விரும்புவோர் விலை உயர்ந்த வெளிநாட்டு மாடலைத் தேட வேண்டாம். அட்டையும் தீக்குச்சியும் பித்தானும் போதும். முதலில் ஓர் அசல் வேகனைப் பத்து நிமிடம் பாருங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதையில் இறங்க வேண்டாம். பிளாட்பாரத்திலிருந்தே எல்லாம் தெரியும். பிறகு, பார்த்ததை மட்டும் வரையுங்கள். பாராததைச் சேர்க்காதீர்கள்.

எங்கள் வேகன் இப்போது அண்ணாச்சி வீட்டில், டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது. போன வாரம் போயிருந்தேன். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த மருமகள் வீட்டை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். வேகனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஒரே அழுக்கா இருக்கே. துடைச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"துடைச்சாச்சு தாயி. துடைச்ச பிறகுதான் இப்படி இருக்கு."